ஊர்ச் சபைக்கு ஊழியக் குழு வருகிறது: மூன்று நாளை எப்படி ஒழுங்கு செய்யலாம்?

வலிவடக்கு மகள்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு ஆலோசனை வேண்டும், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்களுடையது யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் ஒரு சின்னச் சபை. 1990 ஆனியில் போரால் ஊரே எழும்பிப் போனது. இராணுவம் பிடித்திருந்த காணி விடுபட்டு, பற்றை வெட்டி, திரும்பக் குடியிருந்து ஏழு வருடம் ஆகிறது. மொத்தம் இருபத்துமூன்று குடும்பம். கோயிலின் முன்சுவர் பழைய சுண்ணாம்புச் சுவர், மேலே ஓடு இருந்த இடத்தில் இப்போது தகரம். வருகிற ஆடியில் வெளிநாட்டிலிருந்து பன்னிரண்டு பேர் கொண்ட ஊழியக் குழு ஒன்று மூன்று நாள் எங்களோடு நிற்க வருகிறது. பாதிப்பேர் அங்கேயே பிறந்த எங்கள் பிள்ளைகள், மற்றவர்கள் வெள்ளைக்காரர். நிகழ்ச்சி ஒழுங்கைப் போதகர் ஐயா என் பொறுப்பில் விட்டிருக்கிறார்.

எனக்குப் பயம் இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன் வேறு ஒரு குழு வந்தது. இரண்டு வான் நிறைய ஆட்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளை வரிசையில் விட்டுப் புத்தகப்பை கொடுத்தார்கள். நீலப் பை, உள்ளே கொப்பி, கலர்ப் பென்சில், ரொபி. எங்கள் பக்கத்து வீட்டு மாமி சைவம். அவருடைய பேத்தியும் என் மகனும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. அந்தப் பிள்ளை வேலியில் கிடுகு விலகிய இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றது. பை எண்ணிக் கொண்டுவந்தது, மிச்சம் ஒன்றும் இல்லை. மாமி வந்து ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்விட்டார்.

அந்த வருடம் நத்தாருக்கு நான் கொடுத்துவிட்ட பலகாரத் தட்டு, தொடாமல் அப்படியே திரும்பி வந்தது. தைப்பொங்கலுக்கு அங்கிருந்து புக்கை வரவில்லை. இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில்கூடச் சின்னக் கிண்ணத்திலாவது வந்த புக்கை அது. பையைக் கொடுத்துப் பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொண்டு போகிறார்கள் என்று ஊரில் கதையும் ஓடியது.

இந்த முறை என்ன செய்தால் வருகிறவர்களுக்கும் பிரயோசனமாக இருக்கும், அவர்கள் போன பிறகு நாங்களும் ஒழுங்கையால் முகம் பார்த்துக் கதைத்துப் போகலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

*

தீவகத்தான்:

முதல் வேலையாக எழுதி அனுப்புங்கள்: பிள்ளைகளுக்குக் கையில் ஒன்றும் கொடுக்க வேண்டாம். கொண்டுவந்தே ஆகவேண்டும் என்றால் ஊர்ப் பள்ளிக்கூடத்து அதிபரிடம் கொடுக்கட்டும். அவர் எல்லாப் பிள்ளைக்கும் பிரித்துக் கொடுப்பார்.

*

மந்திகை நேர்ஸ்:

அக்கா, மருத்துவ முகாம் நடத்தப் போகிறார்களா என்று கேட்டு வையுங்கள். நான் பதினெட்டு வருடம் கிளினிக்கில் நின்றவள். ஒருநாள் முகாம் நடந்த அடுத்த கிழமை எங்களுக்குத்தான் வேலை கூடும். பிரஷர், சீனி வருத்தக்காரர் ஏற்கெனவே ஆஸ்பத்திரி மருந்து எடுக்கிறார்கள். முகாமில் அதே மருந்தை வேறு பெயரில், வேறு நிறத்தில் கொடுத்தால் இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள். ஒரு அம்மம்மா தலைச்சுற்றி விழுந்து நெற்றி உடைந்து வந்தார். அவருடைய சுருக்குப்பைக்குள் மூன்று விதக் குளிசை, ஒன்றிலும் தமிழில் ஒரு எழுத்து இல்லை.

வெளிநாட்டு வைத்தியர் இங்கே மருந்து எழுதுவதென்றால் இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு எடுக்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அது இல்லாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வயது போனவர்களின் கிளினிக் கொப்பியை எடுத்து, அடுத்த திகதி எப்போது, பஸ் எத்தனை மணிக்கு என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம். அதற்கு வைத்தியர் தேவையில்லை.

*

ஊழியப் பாதை:

மன்னிக்க வேண்டும், எனக்கு இந்தப் பேச்சு வருத்தமாக இருக்கிறது. காசு செலவழித்து, லீவு போட்டு, ஜெபித்து வருகிறவர்கள். எல்லாவற்றுக்கும் "வேண்டாம், வேண்டாம்" என்றால் சுவிசேஷத்தை யார் சொல்வது? அயலவர் என்ன நினைப்பார் என்று பார்த்திருந்தால் யாழ்ப்பாணத்தில் ஒரு கோயில்கூட எழும்பியிருக்காது. எங்கள் தாத்தா ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் பிரசங்கம் கேட்டுத்தான் மனம் திரும்பியவர். நான் இன்று இருப்பது அதனால்தான்.

*

ஓய்வுபெற்ற ரீச்சர்:

தம்பி, உங்கள் வருத்தம் எனக்கு விளங்குகிறது. நானும் அந்த வழியில் வந்தவள்தான். உடுவில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூட விடுதியில் நின்று படித்தேன், பிறகு அந்தச் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். உங்கள் தாத்தா யாருடைய பேச்சைக் கேட்டு மனம் திரும்பினார் என்பதையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

1816, 17 இல் அமெரிக்கன் மிஷன்காரர் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வந்து இறங்கினார்கள். கூரை விழுந்து கிடந்த பழைய கோயில் கட்டடங்களைத் திருத்தித்தான் குடியிருந்தார்கள். தெல்லிப்பழையில் இருந்த டானியல் பூவர் இருந்து தமிழ் படித்து, தமிழிலேயே பிரசங்கம் செய்யும் அளவுக்கு வந்தார். 1855 இல் வாந்திபேதியில் மானிப்பாயில் இறந்தார். எங்கள் சனத்துக்கு வந்த அதே வருத்தத்தில் செத்தவர். உடுவிலில் எலைசா அக்னியூ அம்மையார் 1840 இல் வந்து ஏறக்குறைய நாற்பது வருடம் படிப்பித்தார், ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. தாயைப் படிப்பித்தவரே மகளையும் படிப்பித்தார், பேத்தியையும் படிப்பித்தார்.

எனக்கு எப்போதும் நெஞ்சில் நிற்கிறவர் வைத்தியர் கிறீன். 1847 இல் வந்தார், மானிப்பாயில் வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். பிறகு, ஊரில் நின்று ஊர்ச் சனத்துக்கு வைத்தியம் பார்ப்பவன் தமிழில்தான் படிக்க வேண்டும் என்று முழுவதையும் தமிழுக்கு மாற்றினார். இரண வைத்தியம், கெமிஸ்தம் (இரசாயனம்) என்று புத்தகம் புத்தகமாகத் தமிழில் வந்தன. மாணவர்கள் மேல்நாட்டு உடுப்புக்கு மாறுவது அவருக்குப் பிடிக்கவில்லை. தமிழராகவே இருந்து கிறிஸ்தவராக இருங்கள் என்பதுதான் அவருடைய எண்ணம். 1884 இல் அமெரிக்காவில் இறந்தபோது, "தமிழருக்கான வைத்திய ஊழியர்" என்று கல்லறையில் எழுதச் சொன்னார். பிறந்த ஊரில் புதைத்த கல்லில் எங்கள் பெயர் இருக்கிறது, தம்பி.

மூன்று நாளில் வருகிறவர்கள் கிறீன் ஆக முடியாது, அதை நான் கேட்கவும் இல்லை. அவர் முதல் மூன்று நாளில் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பேசியிருக்க முடியாது, பாஷை தெரியாது. கேட்டுக்கொண்டு இருந்திருப்பார். வருகிற பிள்ளைகளும் அதைச் செய்யட்டும்.

மகள், உங்களிடம் ஒரு கேள்வி. சபையின் பழைய பதிவேடுகள் ஏதாவது தப்பியிருக்கிறதா? ஞானஸ்நானம், கலியாணம், மிஷன் பள்ளிக்கூட இடாப்பு?

*

வலிவடக்கு மகள்:

இருக்கிறது ரீச்சர். பழைய உபதேசியாரின் குடும்பம் 1990 இல் ஒரு றங்குப்பெட்டியில் போட்டு மானிப்பாய்க்குக் கொண்டுபோனது. வலிகாமமே இடம்பெயர்ந்த 1995 ஐப்பசி 30 இரவு அதே பெட்டி சைக்கிள் கரியரில் நாவற்குழிப் பாலம் தாண்டியது. உடுப்பை விட்டுவிட்டுப் பெட்டியை எடுத்தார்கள் என்று சொல்வார்கள். இப்போது எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. சில கொப்பிகளைப் பூச்சி அரித்துவிட்டது. திறந்து பார்க்கவே மனம் வருவதில்லை, பக்கத்தைத் தொட்டால் உடைகிறது.

*

கந்தன்வாசல்:

நான் சைவம். வேறு ஒரு தேடலில் வந்து இந்த இழையை முழுக்க வாசித்தேன். வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒருவர் எழுதினால் நல்லது என்று பட்டது.

அக்கா எழுதிய அந்தப் புக்கைக் கதை எங்கள் வீட்டிலும் நடந்தது. எங்களுக்கு வேதக்காரர் மேல் கோபம் இல்லை. ஆறுமுக நாவலர் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்தவர். அவர்களுடைய பள்ளிக்கூட முறையை உள்ளே நின்று பார்த்தவர்தான் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அப்படி ஒரு வாதமும் பழக்கமும் இரண்டு பக்கமும் இருந்தது. நேருக்கு நேர் வாதாடினார்கள், எழுதி அச்சடித்தார்கள். அதில் மரியாதை இருந்தது. இல்லாதவன் வீட்டுப் பிள்ளைக்கு முன்னால் பையைத் தூக்கிக் காட்டுவது வாதம் இல்லை. பிள்ளையைக் கூட்டிப் போன அந்த மாமி உங்கள் மார்க்கத்தை வெறுத்துக் கூட்டிப் போகவில்லை. "எனக்கு ஏன் இல்லை" என்று பிள்ளை கேட்டால் சொல்லப் பதில் இல்லாமல்தான் கூட்டிப் போயிருப்பார்.

இரண்டு விஷயம் சொல்கிறேன். ஆடி மாதம் ஊரில் அம்மன் கோயில் திருவிழா எப்போது என்று விசாரித்துவிட்டுத் திகதி போடுங்கள், இரண்டு ஒலிபெருக்கி முட்டக்கூடாது. மற்றது, ஆடிப்பிறப்பு அந்த மூன்று நாளுக்குள் வந்தால் நல்லது. கூழும் கொழுக்கட்டையும் எந்த வீட்டிலும் இருக்கும். வருகிற பிள்ளைகளை அயல் வீடுகளுக்கு அனுப்புங்கள். கொடுக்க ஒன்றும் கொண்டுபோகாமல், குடிக்க மட்டும் போகட்டும்.

*

தீவகத்தான்:

அண்ணை, கடைசி வரிக்கு நன்றி.

*

ரொறன்ரோ தம்பி:

நான் அப்படி ஒரு குழுவில் வந்தவன். வயது இருபத்தாறு. தமிழ் வாசிப்பேன், எழுதும்போது பிழை வரும், மன்னியுங்கள்.

எங்களுக்கு ஒரு சுவருக்கு வெள்ளை அடிக்கிற வேலை தந்தார்கள். பத்துப் பேர் ஒரு நாள் முழுக்க அடித்தோம். பக்கத்தில் ஒரு அண்ணை மதிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பெயின்ற் அடிக்கிற தொழிலாளி என்று போகிற நாள்தான் தெரிந்தது. அந்தக் கிழமை அவருக்கு வேலை இல்லை. அவருடைய ஒரு நாள் கூலியைவிட எங்கள் வான் வாடகை எத்தனையோ மடங்கு. இரண்டு நாள் நித்திரை வரவில்லை எனக்கு.

இன்னொன்று. எங்கள் குழுவில் ஒருவர் ஒரு அம்மம்மாவைப் படம் எடுத்து, யாரும் இல்லாத ஏழை விதவை என்று காசு சேர்க்கிற பக்கத்தில் போட்டார். அந்த அம்மம்மாவுக்கு ரொறன்ரோவில் மூன்று பிள்ளைகள். பேரன் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் போன் எடுத்து அழுதான். அம்மம்மா ஓய்வுபெற்ற தபாலதிபர். அன்று தோட்டத்துக்குள் நின்றதால் பழைய சேலை கட்டியிருந்தார், அவ்வளவுதான்.

ஆனால் வரவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாம் இரவு கரண்ட் போனது. திண்ணையில் எல்லோரும் இருந்தோம். ஒரு ஐயா 95 இடப்பெயர்வைச் சொன்னார், மழையில் ஒரு அடி வைக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று. என் அப்பா இதுவரை எனக்கு அதைச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன், அன்று முதல்முறையாகச் சொன்னார். அந்த ஒரு இரவுக்காக நான் அந்தப் பயணத்துக்கு நன்றி சொல்வேன்.

*

கடைசி ஒழுங்கை:

ஒருவரும் எழுதாத விஷயம் ஒன்றை எழுதுகிறேன். குழு எந்த வீட்டில் சாப்பிடப் போகிறது?

எங்கள் சபையில் இதுவரை ஐந்து குழு வந்திருக்கிறது. ஐந்தும் அதே இரண்டு வீட்டில்தான் சாப்பிட்டது. ஓட்டு வீடு, வாசலில் வான் நிற்கும். எங்கள் ஒழுங்கையில் எட்டு வேதக்காரக் குடும்பம் இருக்கிறது, மூன்று தலைமுறையாக. கதிரை தூக்க, பந்தல் போட, கிணறு இறைக்கக் கூப்பிடுவார்கள். வருகிறவர்களை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவர மாட்டார்கள். "வீட்டில் வசதி காணாது" என்பார்கள். வசதி என்றால் என்ன என்று எங்களுக்கும் தெரியும், சொல்கிறவர்களுக்கும் தெரியும். வெள்ளைக்காரருக்குத்தான் தெரியாது.

1920களில் ஹன்டி பேரின்பநாயகமும் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ்காரரும் சமபந்தி போசனம், பள்ளிக்கூடங்களில் சம ஆசனம் என்று நின்றார்கள். அது நடந்து நூறு வருடம் ஆகிறது. கோயிலுக்குள் ஒரே கிண்ணத்தில் திருவிருந்து எடுக்கிறோம். வெளியே வந்தால் சோற்றுத் தட்டுக்கு வேறு கணக்கு.

என் அம்மா ஒரு முறை விடியவே எழும்பி இடியப்பம் அவித்து, நண்டுக் கறி வைத்து, அவர்கள் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டு இருந்தார். சபைக் கூட்டத்தில் வருவார்கள் என்றுதான் சொன்னார்கள். பதினொரு மணிக்கு எங்கள் ஒழுங்கை முகப்பைத் தாண்டி வான் நேரே போனது. அன்று அம்மா ஒன்றும் சாப்பிடவில்லை. மத்தியானம் முழு இடியப்பத்தையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்தார்.

அக்கா, மூன்று நாளையும் நீங்கள் எப்படி ஒழுங்கு செய்தாலும் சரி. சாப்பாட்டை மட்டும் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.

*

வலிவடக்கு மகள்:

வாசித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் சபையிலும் அந்த இரண்டு வீடு இருக்கிறது. அதில் ஒன்று என்னுடைய மாமனார் வீடு.

இருபத்துமூன்று குடும்பத்தின் பெயரையும் எழுதிக் குலுக்கிப் போடுகிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால்.

*

ஊழியப் பாதை:

ரீச்சர் எழுதியதையும் கடைசி ஒழுங்கை எழுதியதையும் இரண்டு மூன்று தரம் வாசித்தேன். நான் முதலில் எழுதியதில் ஒரு பகுதியை இன்னும் விடவில்லை: பிரசங்கம் இருக்க வேண்டும். ஆனால் அது எங்கள் போதகரின் பிரசங்கமாக இருக்கட்டும், வந்தவர்கள் வாங்கில் இருந்து கேட்கட்டும். இன்னொன்று, சுற்றுலா விசாவில் வருகிறவரை மேடையில் ஏற்றிக் கூட்டம் நடத்தினால் சிக்கல் குழுவுக்கு மட்டும் இல்லை, போதகருக்கும் வரும். முறையான அனுமதியைத் திருச்சபைத் தலைமை மூலம் முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பவர் உள்ளூர் ஆளாக இருந்தால் நல்லது. வெளியிலிருந்து வருபவருக்கு எங்கள் பேச்சு பாதி பிடிபடாது, கிழவிகள் சொல்வதில் முக்கியமானது விடுபட்டுப் போகும்.

*

ஓய்வுபெற்ற ரீச்சர்:

மகள், அந்த றங்குப்பெட்டி. வருகிற பிள்ளைகளிடம் நல்ல கமரா இருக்கும், பொறுமையும் இருக்கும். வெயில் நேரே படாத வெளிச்சத்தில், வெள்ளைத் துணி விரித்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுக்கட்டும். உடைகிற பக்கத்தை விரலால் பிரிக்க வேண்டாம், மெல்லிய மட்டை ஒன்றை உள்ளே விட்டுத் தூக்க வேண்டும். பழைய கையெழுத்தை வாசிக்க வயது போனவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். எங்கள் சனத்தின் காகிதம் எவ்வளவோ எரிந்து போனது. மிஞ்சியதையாவது பார்ப்போம்.

*

வலிவடக்கு மகள் (ஆவணி முதல் கிழமை):

குழு வந்து போய்விட்டது. சொல்லாமல் விட்டால் சரியில்லை என்று வந்தேன்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல முடியாது. குழுத் தலைவருக்கு முதல்நாள் முகம் சரியில்லை. கொண்டுவந்த பெட்டிகளைப் பள்ளிக்கூடத்தில் கொடுங்கள் என்றதும், படம் எடுத்து அனுப்ப வேண்டுமே என்றார். போதகர் ஐயா அதிபரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தார். சீட்டுக் குலுக்கிய ஞாயிறு மாமனார் என்னோடு கதைக்கவில்லை, இன்றுவரை கதைக்கவில்லை. சீட்டில் விழுந்த ஒரு வீட்டில் கதிரை இரண்டுதான் இருந்தது. எல்லோரும் பாயில் இருந்து சாப்பிட்டார்கள். அந்த வீட்டு அம்மா மீன்சொதியை மூன்றாம் தரமும் ஊற்றினாராம்.

பெட்டியை இரண்டாம் நாள் காலை கோயில் விறாந்தையில் திறந்தோம். குழுவில் ஒரு பிள்ளை நூலகத்தில் வேலை செய்கிறவள், தமிழ் கொஞ்சம்தான் வரும். அவள்தான் முழு வேலையையும் பிடித்தாள், முழங்காலில் நின்று, மூச்சை அடக்கி, பக்கம் பக்கமாக. மூன்று கிழவிகள் சுற்றி இருந்து வாசித்தார்கள். பெயர் வர வர ஆள் யார், எந்த வளவு, எங்கே செத்தது என்று சொன்னார்கள். அவள் ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினாள். சில பெயருக்கு ஒருவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பத்தரை மணிபோல எங்கள் பழைய மிஷன் பள்ளிக்கூடத்து இடாப்பு வந்தது. 1960, 61 இல் அரசாங்கம் பள்ளிக்கூடங்களை எடுக்க முந்தியது. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் படித்தார்கள், சைவமும் வேதமும். ஒரு கிழவி ஒரு பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டு மாமியின் தாயார்.

நான் போய்ப் படலையில் நின்று கூப்பிட்டேன். நாலு வருடத்தில் அந்தப் படலைக்குப் போனது அன்றுதான். மாமி கையில் ஈரத்தோடு வந்தார், பேத்தியும் பின்னால் வந்தது. விறாந்தையில் வாங்கில் இருத்தி இடாப்பைக் காட்டினோம். இரண்டாம் வகுப்பு, வரிசையில் பதினோராவது பெயர், நீல மையில். நாள் நாளாகப் புள்ளடி போட்டிருந்தது, இடையில் ஒரு கிழமை வெறுமை. மாமி சேலைத்தலைப்பால் கையைத் துடைத்துவிட்டு விரலைப் பெயருக்குக் கீழே, காகிதத்தில் படாமல் பிடித்தார். "அம்மாவுக்கு அப்ப அம்மாள் வருத்தம் வந்தது, அதுதான் அந்தக் கிழமை" என்றார். நூலகத்துப் பிள்ளை அதையும் கொப்பியில் எழுதினாள்.

மாமி எழும்பும்போது, இடாப்பின் இந்தப் பக்கத்துக்குப் பிரதி ஒன்று கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார். படம் இப்போது போனில் வந்திருக்கிறது. சுன்னாகத்தில் நல்ல தாளில் பெரிதாக அடித்துத் தருகிற கடை எது என்று யாராவது சொல்லுங்கள். சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும்.